ஞாயிற்றுக்கிழமை யார் சாப்பாடு போடுவார்கள்?

என் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பியே ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் போனில் திட்டு உண்டு. இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் நலம், என்னையும் சேர்த்தே சொல்கிறேன், போன வார ஸ்கேனில் ஒன்றும் இல்லை. முடி முளைத்துவிட்டது, தம்பி என்னை முள்ளம்பன்றி என்று கூப்பிடுகிறான், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். ஆபரேஷனில் மார்பிலிருந்து எடுத்த புற்றுக்கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுத்தேனே, அந்தச் செல்கள் இன்னும் அங்கே வளர்கின்றனவாம். அங்கே வேலை பார்க்கும் பொண்ணு, உன்னைவிட நாலைந்து வயசு மூத்தவள் இருப்பாள், மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள். ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்காத தட்டில் போட்டால் பெரும்பாலானவை செத்துப்போகும், சிலது மட்டும் பந்து பந்தாகத் திரண்டு மிதந்துகொண்டே வளரும், அதுதான் புற்றுக்கு விதை மாதிரி இருக்கும் ஸ்டெம் செல்லாம். மருந்துக்குத் தப்பி அமுக்கமாக இருந்துவிட்டு மறுபடி கட்டியைக் கிளப்புவதும் அதுதானாம். எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே ஜீன்கள்தான், எது விழித்திருக்கிறது எது தூங்குகிறது என்பதில்தான் வித்தியாசமாம், விழித்திருக்கும் ஜீன் ஒன்றைத் தூங்க வைத்தால் இந்த ஸ்டெம் செல்லும் சாதாரணச் செல்லாகி மருந்துக்கு மடங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேச்சுக்கு நடுவில், இருங்க ஆன்ட்டி, இதுகளுக்குச் சாப்பாடு போட்டுட்டு வரேன் என்று ஏதோ சிவப்புத் தண்ணீரை மாற்றினாள். நான் சட்டென்று, ஞாயிற்றுக்கிழமை லீவாச்சே, அன்னைக்கு யாரும்மா போடுவாங்க என்று கேட்டுவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டில் சொன்னால் அப்பா, உன்னைச் சாகடிக்கப் பார்த்ததுக்கே நீ பசி பார்க்கிறியா, நல்லா இருக்கு என்கிறார். என்ன செய்ய, என் உடம்பிலிருந்து வந்தது எதுவானாலும் சாப்பிட்டதா என்றுதான் எனக்கு முதலில் கேட்க வருகிறது.

அங்கே நிற்கும்போதே உன் நினைப்பு வந்துவிட்டது. எனக்கு இந்த நோயைக் கொண்டுவந்த ஜீன் கோளாறு உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ரத்தம் கொடுத்துப் பார் என்றால் எக்ஸாம் முடியட்டும்மா, பார்க்கலாம்மா என்றே தள்ளுகிறாய். அந்த ஜீனும் தூங்கிக்கொண்டே இருக்கலாம் இல்லையா என்று அந்தப் பொண்ணிடமே ஆசையாகக் கேட்டேன். அவள் பூசி மெழுகவில்லை. அது உடைஞ்சே வர்ற ஜீன் ஆன்ட்டி, தூங்குற கதை அதுக்குப் பொருந்தாது, ஆனா இருந்தா கண்டிப்பா நோய் வரும்னும் இல்லை, தெரிஞ்சா வருஷா வருஷம் பார்த்து ஆரம்பத்திலேயே பிடிச்சிடலாம் என்றாள். எனக்கு எலுமிச்சை அளவு ஆன பிறகுதானே தெரிந்தது. இருபது வயசில் உன்னைப் பெற்றபோது எதையெல்லாம் கொடுத்து அனுப்புகிறோம் என்று எனக்கென்ன தெரியும். அந்தப் பயம் என்னோடு இருக்கட்டும், நீ போய் ரத்தம் கொடு, இந்த வாரமே.

எல்லோரும் தூங்கியாச்சு, எனக்கும் கண் சொக்குகிறது. நோய் நொடி அண்டாமல் நீ நெடுங்காலம் வாழணும். தனியாகப் போகாதே, ரூம்மேட்டைக் கூட்டிப்போ. ரிசல்ட் வந்ததும் எனக்காக எதையும் மென்று முழுங்காதே, உள்ளதைச் சொல். அழமாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் நீ வைக்கும்வரை போனை வைக்க மாட்டேன்.

உன் அம்மா