உப்பும் பாதரசமும்

ஐப்பசி 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. எனக்கு எட்டாம் மாதம். கால் வீக்கம், விரலால் அமுக்கினால் குழி. டாக்டரம்மா மூன்று தரம் பிரஷர் பார்த்தார். எவ்வளவு என்று கேட்டால், "கொஞ்சம் கூடத்தான். உப்பே ஆகாது. சனிக்கிழமைக்குள்ள குறையலேன்னா இங்கயே படுக்கணும்." பாதரசம் நின்ற இடத்தை நான் பார்த்துவிட்டேன். 150. ஏன் மறைக்கிறார்?

ரயிலில் மாமியார்: "ரத்தம் சாஸ்தியாப் போச்சு, அதான்." போன மாதம் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் போதாது என்று டானிக் எழுதியதும் அதே டாக்டரம்மாதானே! எது பொய்?

13, புதன்

மூத்தவள், பாப்பா, தூங்குகிறாள். பரணிலிருந்து கல்லூரி நோட்டை எடுத்தேன். அழுத்தம் = ஓட்டம் × தடை. ரத்தம் கூட வேண்டியதில்லை. நுண்குழாய்கள் சுருங்கினாலே போதும். விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்கு. அன்று பரீட்சைக்கு உருப்போட்டது. நஞ்சுக்கொடிக்குப் போகிற குழாயும் சுருங்குமா? உள்ளே இருப்பது என்ன ஆகும்?

14, வியாழன்

என் குழம்பில் உப்பு. சத்தியமாக உப்பு.

மாமியார்: "நாக்குச் செத்துப்போச்சு ஒனக்கு. நான் போடவே இல்ல."

இவர் ருசி பார்த்து, "எனக்குத் தெரியலையே." அம்மா பிள்ளை.

செய்ய: உப்புச் சட்டியில் அளவுக்குக் கரிக்கோடு. தலைவலியை இவரிடம் சொல்ல. பாப்பா சட்டைக்குப் பொத்தான்.

15, வெள்ளி

மாமியாரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அடுப்படியில், என் தட்டில் மட்டும், ஒரு சிட்டிகை.

"ஏன் அத்தை?"

"எழவு வீட்லதான்டி உப்பில்லாச் சோறு. புள்ளத்தாச்சிக்குப் போட எனக்குக் கை வருமா?"

நேற்றிலிருந்து அவரைப் பற்றி என்னென்னவோ நினைத்திருந்தேன். எழுதக் கூசுகிறது. இருந்தும் கத்தினேன். கத்தினாலும் குழாய் சுருங்கும்.

பிறகு சொன்னேன்: வாய்க்காலில் மண் சரிந்தால் மேலே தண்ணீர் முட்டும், கரையை உடைக்கும், கடைமடைக்கு வராது. அப்படித்தான் இது.

அத்தை என் வயிற்றைப் பார்த்தார். "கடைசி வயல்தான் புள்ளையா?" என்றார்.

16, சனி

மழை. ஆஸ்பத்திரியில் பிரஷர் 170. இந்த வேகத்துக்கு உப்பு மட்டும் காரணமில்லையாம். இன்றே படுக்கை. டாக்டரம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டார். கதவுக்கு வெளியே என் காதில் விழுந்தது: இன்னும் ஏறினால் வலிப்பு.

"அவங்களுக்குத் தெரிய வேணாம், பயப்படுவாங்க."

அத்தை உள்ளே போய்விட்டார். "படிச்ச புள்ள, தாயி, அவ. அவகிட்டயே சொல்லுங்க. மறைச்சா அவளா ஒண்ணக் கண்டுபுடிச்சுக்கிருவா, அது இதைவிட மோசமா இருக்கும்."

டாக்டரம்மா வந்து எல்லாம் சொன்னார்.

பிள்ளையின் அசைவை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள், பன்னிரண்டு மணி நேரத்தில் பத்தாவது வேண்டுமாம். வயிற்றில் அத்தையின் கை. மத்தியானத்திலிருந்து நாலு.