முதலில் யார் அழுத்துவது

அன்பு மகள் லரஸுக்கு,

சோலோவிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தங்கை கினாந்தியும் ஆண்டவன் அருளால் நலம், ரோட்டர்டாம் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் தினமும் காலைக் காப்பி இறங்குகிறது. அம்மாவின் முழங்கால் வானிலை அறிக்கைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. எனக்குத் தொப்பை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் குறைந்துகொண்டே வருகிறது. கைப்பேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டால் செமாராங் பெரியம்மா அதற்கு விளக்கவுரை சேர்த்து ஊருக்கே அனுப்பிவிடுவாள். இது அவள் கண்ணில் படக்கூடாத விஷயம். தாமரின் வீட்டார் வந்து கினாந்தியைப் பெண் கேட்டுவிட்டுப் போனது உனக்குத் தெரியும். அதன் பிறகு ஓர் அடி நகரவில்லை. அக்கா இருக்கும்போது நான் முந்துவதா என்று கினாந்தி உன்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள், கேட்டால் உன் மனம் புண்படும் என்று அம்மா என் வாயையும் கட்டிவைத்திருக்கிறாள், நீயோ போனில் இதைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பேசுகிறாய். அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பேனாவை எடுத்ததும் எங்கள் பயிற்சி வகுப்பில் நடந்த கூத்து நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு வருகிறேன், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இனிமேல் காகிதமே கிடையாதாம். விடுப்பிலிருந்து ஆய்வகத்துக்குப் பஞ்சு வாங்குவது வரை எல்லாம் புதிய மென்பொருளில்தான். அதைச் சொல்லித்தர ஜகார்த்தாவிலிருந்து இபு தியுர்மா வந்திருந்தார். மேடானில் பிறந்த பத்தாக் இனப் பெண்மணி, மனதில் தோன்றுவது நாக்குக்கு வர வழியில் எங்கும் நிறுத்தம் கிடையாது. எங்கள் துறைக்கு ஏற்பாட்டாளர் நான். கணினி தெரியும் என்பதற்காக இல்லை. அலுவலகத் தலைவி இபு மர்சினி காரணத்தை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். "பாக் சுகெங்கையே போடுங்க, சிற்றுண்டிக்கு லெம்பர் எந்தக் கடையில நல்லா இருக்கும்னு அவர் வயித்தப் பாத்தாலே தெரியுதே!" நான் வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தேன், அது வர மறுத்துவிட்டது.

காலை முழுவதும் கடவுச்சொல்லை மறப்பதும் புதிதாக வைப்பதும் அதையும் மறப்பதுமாகப் போனது. அதன் பிறகு இபு தியுர்மா மாதிரி விண்ணப்பம் ஒன்றை எல்லோர் திரைக்கும் அனுப்பினார். துறையில் இருக்கிற அத்தனை பேரும் ஒப்புதல் பொத்தானையோ மறுப்புப் பொத்தானையோ அழுத்த வேண்டும், யார் முதலில் என்ற வரிசை இல்லை என்றார். வந்தது வினை. துறையில் மூத்தவரான பேராசிரியர் சுதர்யோ சிற்றுண்டிப் பெட்டியைத் திறக்காமல் நாங்கள் யாரும் ஒரு கடலையைக்கூடத் தொட மாட்டோம், அவருக்கு முன்னால் பொத்தானை அழுத்துவோமா? அவரோ வெளியூர் விருந்தாளி இருக்கத் தான் முந்தக்கூடாது என்று காத்திருக்கிறார். விருந்தாளியிடம் பொத்தானே இல்லை! "புரிஞ்சுதா?" என்றார் இபு தியுர்மா. புரிஞ்சுது இபு என்று கோரஸாகப் பாடினோம். "அப்ப அழுத்துங்க." அழுத்தறோம் இபு என்றோம், விரல் அசையவில்லை. இணையம் செத்துவிட்டது என்று நினைத்து அந்த அம்மாள் இணைப்புப் பெட்டியைப் பிடுங்கிச் சொருகி, ஜகார்த்தாவுக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தார். இணையம் குதிரை மாதிரி ஓடியது. நாங்கள் புன்னகைத்தோம். "என்னங்க ஊர் இது? மேடான்லன்னா இந்நேரம் பாதிப் பேர் அழுத்தி, மீதிப் பேர் மறுத்து, ஒரு சண்டையே முடிஞ்சு சமாதானமாயிருக்கும்!" என்று கத்தினார். பேராசிரியர் மெல்ல என் பக்கம் திரும்பி, "நீங்க ஆரம்பிங்களேன் பாக் சுகெங்" என்றார். ஐயோ ப்ரொஃப், நீங்க இருக்கறப்பவா என்று நான் நெளிந்தேன்.

அப்போதுதான் உன் அப்பாவின் மூளையில் ஒரு மின்னல் மின்னியது. குழுப்படம் என்றால் நம் ஆட்கள் எவரும் மாட்டேன் என்று சொன்னதில்லையே. ரெக்டர் அலுவலகத்துக்குப் படம் அனுப்ப வேண்டும், எல்லோரும் ஒப்புதல் பொத்தானில் விரலை வையுங்கள், கேமராவைப் பாருங்கள், மூன்று என்றதும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள், முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று அறிவித்தேன். எண்ணினேன். அழுத்திவிட்டார்கள்! இபு தியுர்மா கை தட்டினார், நான் அரை அடி உயர்ந்துவிட்டேன். ஆனால் அந்த மென்பொருளுக்கு மரியாதை தெரியாது. யார் எந்த நொடியில் அழுத்தினார்கள் என்று சுவரில் பெரிய திரையில் வரிசையாகப் போட்டது. முதல் பெயர் என்னுடையது. எண்ணிய மனிதன் இரண்டு என்று சொல்லும்போதே அழுத்தியிருக்கிறேன். மேசைக்கு அடியில் போய்விடலாம் என்றால் தொப்பை இடம் கொடுக்கவில்லை. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை இன்னொரு முறை படித்தார். "நல்ல வேளை பாக் சுகெங். நீங்க முந்தலன்னா நாம ஓய்வு பெற்ற பிறகும் இங்கயேதான் உக்காந்திருப்போம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சிற்றுண்டிப் பெட்டியைத் திறந்தார். அறை முழுக்கப் பெட்டிகள் திறந்தன.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் இங்கேயும் அதே பயிற்சி வகுப்பு. கினாந்தி உனக்காகக் காத்திருக்கிறாள், அம்மா கினாந்திக்காகக் காத்திருக்கிறாள், நீ அங்கே யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கிறாய் என்பது என் கணிப்பு. அதனால் நானே கேட்டுவிடுகிறேன். தங்கை உனக்கு முன்னால் கல்யாணம் செய்துகொள்ளலாமா? முந்திப் போகிறவள் அக்காவுக்குக் கொடுக்கும் சீர் என்ன வேண்டும் என்றாலும் கேள், அவளுடைய ஸ்கூட்டரைக் கேட்டால்கூடக் கொடுத்துவிடுவாள், கொஞ்சம் அழுவாள். மறுப்புப் பொத்தானும் உன் திரையில் இருக்கிறது மகளே, அதை அழுத்தினாலும் இந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், தாமரின் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், என்னைவிடக் குண்டு மனிதர், பொறுமைசாலி. மரியாதைக்காகப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மட்டும் செய்யாதே.

நீ எதைச் சொன்னாலும் எங்கள் ஆசி உனக்கு முழுதாக உண்டு, ஆண்டவன் உன்னை உடல்நலத்தோடும் சிரிப்போடும் வைத்திருக்கட்டும். காலுறை போடாமல் வெளியே போகாதே. பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம், நேராகக் கினாந்தியைக் கூப்பிட்டுச் சொல். முதலில் கேட்டது யார் என்று அம்மா விசாரித்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்தினோம் என்று சொல்லிவிடு.

இரண்டிலேயே அழுத்திவிட்ட உன் அப்பா,
சுகெங்