தேராவில் ஒரு நல்ல சாண்ட்விச்

4 மார்ச் 2005, வெள்ளி

இரண்டு வருடமாக துபாயில் லீவு நாளெல்லாம் நல்ல இறைச்சி சாண்ட்விச் தேடி அலைந்தேன். இன்று கிடைத்தது. அதுவும் என் வாயால் கிடைத்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து, ரூமில் கூட இருக்கும் ரஷீதோடு ஒரு லெபனான்காரர் கடைக்குப் போனேன். அடுப்பிலிருந்து இறக்கிய மாட்டிறைச்சியை அவர் சூட்டோடு வெட்டினார். சாறெல்லாம் பலகையில் ஓடிவிட்டது. ரொட்டிக்குள் வெறும் சக்கை.

இத்தனை கடை தின்ற நாக்கு சும்மா இருக்குமா? ஆறவிட்டு வெட்டுங்கள் என்று அரைகுறை அரபியில் சொன்னேன். முறைத்தார். ரஷீத் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "யல்லா, வாடா போயிரலாம்."

நான் நகரவில்லை. கால் மணி நேரம் கழித்து, ஆறிய இறைச்சியை அவரே மெல்லிசாகச் சீவி ரொட்டியில் வைத்து நீட்டினார். கடித்தேன். சாறு முழுக்க வாய்க்குள் இறங்கியது. அவரும் ஒரு துண்டு தின்று பார்த்தார். "கலாஸ், அவ்வளவுதான், இனி இப்படித்தான்" என்றார். துணிக்கடை சேல்ஸ்மேன் நான், அவருக்கே தொழில் சொல்லிக் கொடுத்துவிட்டேன்!

பெருமை தாங்காமல் ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்ப இன்னைக்கும் நீங்க சோறு சாப்பிடலையா?" என்றாள், அழாத குறையாக.