ரிப்பீட்டுக்கு ஒரு வேர் இருக்கு

என் சுண்டெலிக்கு, அம்மா எழுதுறது. நான் சுகம், அப்பா சுகம், வண்டிக்குத்தான் கிளட்ச் தேஞ்சு போச்சு. நீ சுகமா இல்லைன்னு தெரியும், அதனால நலமான்னு கேட்டு உன்னைப் பொய் சொல்ல வைக்கல. போன்ல சொன்னா பாதியில வச்சிடுவ, அதான் எழுதுறேன்.

உன் மெசேஜைப் பார்த்தேன். ஃபெயிலாம், அதே வருஷத்தை மறுபடி படிக்கணுமாம், ரிப்பீட்டுன்னு எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்களாம், பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடுறியாம். அப்பா உடனே, வரட்டும் விடு, புள்ளையை விட படிப்பா பெருசுன்னுட்டார். நான் வாயே திறக்கல. உடம்பு சரியில்லையாடின்னு நெத்தியத் தொட்டுப் பார்க்குறார்.

நம்ம டிரைவிங் ஸ்கூல்ல, டெஸ்ட்ல ஊத்திக்கிட்டு திரும்பி வர்றவங்களுக்கு ரிப்பீட்டுன்னுதானே பேரு. இப்ப ஒரு அக்கா வர்றாங்க, அகராதி போடுற ஆபீஸ்ல வேலை. மேட்டுல நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னாடி உருண்டு ஃபெயில். ரிசப்ஷன்ல இருக்கிறவ, ரிப்பீட்டு வந்திருக்காங்கன்னு கத்தினதும் எனக்குச் சுருக்குன்னுச்சு, உன் ஞாபகம். அந்தக்காவோ சிரிக்கிறாங்க. நல்ல பேர்தாங்க, லத்தீன்ல இருந்து வந்தது, 'ரி'ன்னா மறுபடியும், 'பெத்தெரே'ன்னா ஒண்ணைக் குறிவச்சுப் போறது, தேடுறது, கேக்குறதுன்னாங்க. நான் விடுவேனா, அப்போ மேட்டைத் தேடிப் போவோம் வாங்கன்னேன். ஊத்திக்கிட்டவங்களை முதல் கிளாஸ்லயே ஊத்திக்கிட்ட இடத்துக்குக் கூட்டிட்டுப் போறதுதானே என் வழக்கம். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சே உயிரை வாங்குறான், என் பக்கத்துல இருக்கிற இன்ஸ்ட்ரக்டர் பிரேக் மேல என் கால். காலை எடுத்துடாதீங்கன்னு கெஞ்சினாங்க. எடுக்கவும் மாட்டேன், மிதிக்கவும் மாட்டேன், நீங்க ஏத்துங்கன்னேன். வண்டி ஆஃப் ஆகி ஆஃப் ஆகி, கடைசியில ஏறிடுச்சு. சந்தோஷத்துல அவங்க இண்டிகேட்டருக்குப் பதிலா வைப்பரைப் போட்டுட்டாங்க.

படிப்புதான் வாழ்க்கைன்னு நான் சொன்னா என் நாக்கே என்னைப் பார்த்துச் சிரிக்கும். காலேஜ் பெஞ்சுல என்னால உட்கார முடியல, எழுந்து வந்துட்டேன், அடுத்த வருஷமே நீ பொறந்துட்ட, இன்னிக்கு வரைக்கும் வருத்தம் கிடையாது. ஆனா எனக்குப் பிடிக்கல, விட்டேன். உனக்கு இந்த மாட்டு டாக்டர் படிப்பு பிடிச்சிருக்குடி. மாட்டு வயித்துல எத்தனை அறைன்னு பஸ்ல கத்திக் கத்திச் சொல்லி, முன் சீட்டுக்காரரை இறங்கி ஓட வச்சவ நீ. பிடிக்காம விட்டா சொல்லு, உன்னைக் கூட்டிட்டு வர நானே வர்றேன். வெக்கப்பட்டு விடாத.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோட கிளாஸுக்கு ஓடாத. மறுபடி சேர வெள்ளிக்கிழமைதான் கடைசின்னு நீயே சொன்ன, மறந்துடாத. அந்தக்காவுக்கும் அன்னிக்குத்தான் டெஸ்ட். டெஸ்ட்ல அவங்க பக்கத்துல நான் உட்கார முடியாது, உன் பக்கத்துலயும் முடியாது. ஆனா வீட்ல எங்க உட்கார்ந்திருந்தாலும் என் கால் அந்த பிரேக் மேலதான் இருக்கும். மிதிக்க மாட்டேன். நீ ஏத்து. நல்லா வருவ, தங்கம்.

இப்படிக்கு,
உன் பக்கத்து சீட்டு,
அம்மா