பிறந்த ஊர் பார்க்கும் வரிசை

காக்கா,

இன்று காலை பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளை எடுத்ததும் உங்கள் நினைப்பு. லஞ்ச் நேரத்தில் பழைய சட்டங்களைப் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் போடுவீர்களே, அதே வாடை. இந்தத் தாள் ஒரு மனு. கிரீன் கார்டுக்குப் பிறந்த நாட்டைப் பார்த்து வரிசை கட்டுவதை நிறுத்தச் சொல்லி இங்கே இர்விங் நகரத் தமிழர்கள் சிலர் செனட்டருக்கு எழுதியது. முதல் உதாரணமே உங்கள் மகள்தான்.

அண்ணனைக் காக்கா என்றழைக்கும் காயல்பட்டினம்தான் நம் இருவருக்கும் ஊர். இர்விங்கின் லாஸ் கொலினாஸ் பகுதியில் ஆபீஸும் ஒன்றே. எனக்கு ஆறு வருடம் முன்பே நீங்கள் அப்ளை பண்ணியவர். என் மனைவி கொழும்பில் பிறந்தவள் என்பதால், நீண்டு கிடக்கும் இந்திய வரிசையை விட்டு நான் அவளுடைய குட்டையான இலங்கை வரிசையில் ஏறி உங்களைத் தாண்டிப் போய்விட்டேன். கார்டு வந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சம். நீங்களோ சிரித்தீர்கள். "எனக்குப் பொண்ணு பாக்கும்போது என்னென்னவோ விசாரிச்சாங்க தம்பி. பிறந்த ஊர மட்டும் கேக்காம விட்டுட்டாங்களே!"

அன்றுதான் அந்தப் பழைய வழக்கைச் சொன்னீர்கள். ஆசியக்காரர்களுக்கு இங்கே குடியுரிமை கிடையாது என்றிருந்த காலம். நான் உயர்ந்த சாதி, ஆகவே வெள்ளையன் என்று இந்தியர் ஒருவர் வாதாடித் தோற்றார். பாவம் என்றேன். உங்களுக்கு வந்ததே கோபம்! "என்ன பாவம்? கதவப் பூட்டுனதே தப்புன்னு சொன்னானா? எனக்கு மட்டும் தொறங்கன்னுதானே கேட்டான்! அப்ப நிறம்னு எழுதினாங்க, இப்ப பிறந்த நாடுன்னு எழுதுறாங்க. நாமளும் அவன மாதிரியே கேக்கக் கூடாது தம்பி."

பிறகு ஒரு திங்கட்கிழமை, மீட்டிங் நடுவில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. உங்கள் மனைவியின் விசாவும் மகளின் விசாவும் உங்கள் வேலையை நம்பித் தொங்கியவை. நீங்கள் போனதும் அவையும் போயின. இரண்டு வயதில் இங்கே வந்த பிள்ளை, அவர்கள் ஊர் திரும்பிய அன்று ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாச்சா, ஐ ஒன்லி நோ இர்விங்" என்றாள். அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.

மனுவில் ஒரு வரி இருக்கிறது: 'விசா இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களைப் போன்றவர்கள் அல்ல நாங்கள்.' அதை எடுத்துவிடச் சொன்னேன். மனுவை எழுதிய பெரியவர், நாங்கள் அங்கிள் என்றழைப்பவர், விடவில்லை.

"அந்த லைன் இருந்தாத்தான் செனட்டர் ஆபீஸ்ல படிப்பாங்க. உங்க காக்கா பொண்ணு திரும்பி வரணுமா, வேணாமா?"

வரவேண்டும் காக்கா. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? கையெழுத்தைப் போட்டுத் தொலைக்கலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. உங்கள் மகளுக்கு போன் பண்ணி அந்த வரியை வாசித்தேன்.

"வாப்பா வுட் நெவர் சைன் தட். டேக் மை நேம் அவுட், சாச்சா."

அவள் பெயரைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் போடாமல் தாளை அங்கிளிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், இருக்கட்டும். அவளும் நானும் இப்போது வேறொரு மனு எழுதுகிறோம். அதில் யாரையும் மட்டம் தட்டவில்லை, யாரிடமும் கெஞ்சவுமில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது உங்கள் கோபம்தான். அதில் பாதி அவளிடமும் இருக்கிறது. முதல் வரியை அவளே எழுதினாள்:

'என் வாப்பா உங்கள் வரிசையில் நின்றபடியே இறந்தார். அவருடைய இடத்தில் இப்போது நான் நிற்கிறேன்.'