பஞ்சாலை மீது விழுந்த பழியும் ஆபீஸ் கம்ப்யூட்டரும்

கோலா பிலா,
14.8.1999

அன்பு மகன் அர்ச்சுனனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், ஆக்லாந்துக் குளிர் உனக்கும் மருமகளுக்கும் ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள்.

நீ வீட்டுக்கு இன்டர்நெட் எடுத்திருப்பதாகச் சொன்னதால் நான் கிராணியாகக் கணக்கெழுதும் எஸ்டேட் ஆபீசில் நடந்ததை எழுதுகிறேன். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடவேண்டிய இடங்களின் வரைபடங்கள் எல்லாம் போன மாதம் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துபோயின. டைப்பிஸ்ட் பஞ்சாலையை உனக்குத் தெரியும், செம்பனைக் குலை அறுக்கும் சன்னாசியின் மகள். அக்காள் கல்யாணத்துக்கு லீவு கொடுக்காத கோபத்தில் அவள்தான் அழித்தாள் என்று மேனேஜர் விசுவநாதன் முடிவு கட்டி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. லயத்து வீடுகளில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள், சன்னாசி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள் மேனேஜரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, கை வைக்காமலே திரையில் அம்புக்குறி நகர்ந்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், நானும் பார்த்தேன். லோபாக்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இராஜமாணிக்கம் வந்து முதலில் டெலிபோன் வயரைப் பிடுங்கினார். மேனேஜருக்கு இமெயிலில் வந்த வாழ்த்து அட்டையோடு ஒரு திருட்டுப் புரோகிராம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, எங்கேயோ இருக்கிற எவனோ அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து வரைபடங்களை அழித்திருக்கிறான். அதைத் துடைத்துவிட்டு ஃபயர்வால் என்று ஒன்றைப் போட்டார். "நம்ம கேட்டுல காவல் நிக்கிற ஜாகா மாதிரிதாங்க கிராணி, நீங்க கூப்பிடாம வெளியேருந்து வர்றவனை உள்ள விடாது, உள்ளேருந்து தெரியாத புரோகிராம் வெளிய போனாலும் உங்களைக் கேட்கும்" என்றார். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனிப் பெட்டியே வைப்பார்களாம், ஒரே கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்குப் புரோகிராம் போதுமாம். ஆனால் நாமே திறந்துவிடும் வைரஸை அது தடுக்காது, அதற்கு வேறு மருந்து வேண்டும் என்றும் சொன்னார்.

மேனேஜர் பஞ்சாலையை வரச்சொல்லி, "நாளைக்கு வேலைக்கு வந்துடு லா" என்றார். அவள் உட்காரவில்லை. "நான் செய்யலேன்னு பெரட்டுல எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க சார், அப்புறம் வர்றேன்" என்றாள். மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது மேனேஜர் வந்து, "பஞ்சாலை மேல் தப்பில்லை, அந்த இமெயிலைத் திறந்தது நான்தான்" என்று தமிழிலும் மலாயிலும் சொன்னார். சன்னாசி அரிவாள் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடும் முன்பே தலை நிமிர்ந்து செம்பனைக் காட்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். பஞ்சாலையும் சொன்னபடி வேலைக்கு வந்துவிட்டாள்.

உன் வீட்டிலும் ஃபயர்வால் போட்டுக்கொள், தெரியாதவர் அனுப்புவதைத் திறக்காதே. தீபாவளிக்கு வருவதை முன்கூட்டியே தெரிவி, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாரியம்மன் துணையால் இருவரும் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள்.

உன் அப்பா,
மு. அமிர்தலிங்கம்