முத்தாயி எழுதச் சொன்னது

மலாயா, மம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம்,
1943, ஐப்பசி மாதம்.

சயாமில் ரயில் பாதை போடப் போயிருக்கும் என் மாமா சன்னாசி அவர்களுக்கு, உங்கள் பெண்டாட்டி பஞ்சாலை கும்பிட்டு எழுதிக்கொள்வது. மாரியாத்தா உங்களை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும். அடுத்த லாரியில் நம் லயத்துச் சந்திரனையும் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஏற்றுகிறார்கள். எந்தக் காட்டில் உங்களைக் கண்டாலும் இதைக் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். கடிதத்தை அவன் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொடுக்கப்போகிறேன்.

முதலில் ஒன்று. உங்களோடு ஒரே லாரியில் ஏறிய அமிர்தலிங்கம் அண்ணன் இப்போதும் உங்கள் பக்கத்தில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் இதை இப்போது படிக்க வேண்டாம். மடித்து வைத்துவிட்டு, தனியாக இருக்கும்போது படியுங்கள்.

உங்களுக்கு ஆடி மாதத்தில் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறான். நெற்றியும் காதும் அப்படியே நீங்கள்தான். இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் வந்துதான் வைக்க வேண்டும். பிறந்தபோது நல்ல எடை. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, இந்தக் கிழங்கைத் தின்றா இப்படிப் பெற்றாய் என்று கேட்டார்கள். எனக்கும் பெருமைதான். பால் அப்படிச் சுரந்தது. மற்றவர்களுக்கு வற்றிப்போன காலத்தில் எனக்கு மட்டும் துணி நனையும். துணி என்று சொல்கிறேன், சாக்குதான். கல்யாணச் சேலையைக் கிழித்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் வேலைக்குப் போகிறோம். ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நடச் சொல்கிறார்கள்.

அமிர்தலிங்கம் அண்ணனுக்கும் முத்தாயிக்கும் வள்ளிநாயகி பிறந்து, பெயர் வைத்த கையோடுதானே நீங்கள் இருவரும் போனீர்கள். நீங்கள் போன பிறகு முத்தாயிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்து உடம்பை உருக்கிவிட்டது. மார் வற்றிப்போய்விட்டது. கொய்னா மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை. பிள்ளை கிழங்குமாவுக் கஞ்சியைக் குடித்துக் குடித்து வயிற்றோட்டத்தில் கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புக்கு அந்தப் பக்கம் அது அழுவதைக் கேட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் சாக்கு நனைய என்னால் உட்கார முடியவில்லை. நானே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். இரண்டு பிள்ளைக்கும் கொடுத்தேன். முத்தாயி என் காலைத் தொட வந்தாள். நான் தடுத்தேன். ஆனால் மனதுக்குள் மகிழ்ந்தேன், மாமா. அதை மறைக்க மாட்டேன்.

வள்ளிநாயகிக்கு வயிற்றோட்டம் நின்றது. கன்னம் உப்பி வந்தது. கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் பாலைக் கக்கினாள். அழுதால் குரல் கம்மியது. அதற்குப் பிறகு வாய் அழுகிற மாதிரி திறக்கும், சத்தம் வராது. சளி கட்டிக்கொண்டது என்று நினைத்துக் கற்பூரவல்லி பிழிந்து கொடுத்தோம். புரட்டாசியில் ஒரு மத்தியானம் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தவள் மூச்சு வாங்கி, உதடு நீலமாகி, அப்படியே அடங்கிவிட்டாள். என் மடியில்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் நம் பிள்ளையும் பாலைக் கக்க ஆரம்பித்தான். அவன் வாயும் சத்தமில்லாமல் திறந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மருந்து இல்லாத ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற டிரெஸர் இராஜமாணிக்கம் மட்டும் இருக்கிறார். அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு என் காலைக் காட்டச் சொன்னார். என் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, எழும்பவே இல்லை. வெறும் கிழங்கும் பழைய அரிசியும் தின்பதால் வருகிற பெரிபெரி என்றார். எப்போதிருந்து வீக்கம் என்று கேட்டார். பிள்ளை பெற்றதிலிருந்து என்றேன். அவர் பிள்ளையை மறுபடி பார்த்தார். பிறகு, "அம்மா, உங்க பாலுல சத்து இல்ல. பாத்தா பால் மாதிரி இருக்கும். புள்ளைய அதுதான் சாய்க்குது. இனிமே குடுக்காதீங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க குத்தமில்ல" என்றும் சொன்னார்.

நான் வள்ளிநாயகியைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

அரிசித் தவிட்டைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டச் சொன்னார். தவிட்டை என்னையும் தின்னச் சொன்னார். வேறு நல்ல தாய்ப்பால் கிடைத்தால் பிழைப்பான் என்றார். நம் தோட்டத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? எல்லைக்கு அப்பால் மலாய்க்காரரின் கிராமமான கம்பத்தில் நெல் குத்துகிறார்கள். அங்கே போனேன். பகல் வெளிச்சத்தில் சாக்கை உடுத்திக்கொண்டு கம்பத்துக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை. வேலியோரம் நின்றேன். உரலில் குத்திக்கொண்டிருந்த ஹலிமா என்கிற பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். டெடாக், அதாவது தவிடு, என்றேன். கோழிக்கா என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எத்தனை கோழி என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் தின்னக் கேட்கிறேன் என்று சொல்ல முடியவில்லை, மாமா. உங்கள் பெண்டாட்டி கோழித் தீனியை வாங்கி மடியில் மறைத்துக்கொண்டு வந்தாள்.

மறுபடி போனபோது பிள்ளையை விட்டுப்போக ஆள் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். ஹலிமா அவன் வாயைப் பார்த்தாள். சத்தம் வராததைப் பார்த்தாள். கோழியைப் பற்றி அவள் பிறகு கேட்கவே இல்லை. அவளுக்கும் கைப்பிள்ளை உண்டு, பெண். அவர்கள் வீட்டில் தவிட்டுச் சத்து போகாமல் குத்திய அரிசிதான் சாப்பிடுகிறார்கள். ஏணிப்படியில் உட்கார்ந்து, கையை நீட்டி அவனை வாங்கி, தன் மாரில் வைத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மாரிலும் அந்த நேரத்தில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. அதைப் புதரோரம் போய்ப் பிழிந்து மண்ணில் விட்டேன். அதைவிட ஒரு அவமானம் பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அவன் தனக்கும் பிள்ளை என்று ஹலிமா சொல்கிறாள். அனாக் சூசு என்கிறார்கள், பால் பிள்ளை. அவள் மகளுக்கு இவன் அண்ணன் முறையாம். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பிள்ளை தேறத் தேற என்னால் முத்தாயியைப் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீ இல்லன்னா எம்புள்ள முன்னாடியே போயிருக்கும்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. குழாயடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, டிரெஸர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவள் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அதன் பிறகு பேச்சு இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்குக் கால் வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. கம்பம் வரை நடக்க முடியவில்லை. ஒரு காலையில் வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முத்தாயி வந்தாள். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கம்பத்துக்குப் போய்ப் பால் குடிக்க வைத்துவிட்டுக் கொண்டுவந்து தந்தாள். அன்றிலிருந்து அவள்தான் போகிறாள். அந்த வழியில்தான் வள்ளிநாயகியைப் புதைத்த மேடு இருக்கிறது. அவள் திரும்பி வரும்போது நான் பாயைத் தட்டுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

போன வாரம் அவனுக்குக் குரல் வந்தது. முதலில் பூனைக்குட்டி மாதிரி. பிறகு வீரிட்டு அழுதான். லயமே கேட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாளே என்று அவன் வாயைக் கையால் பொத்தினேன். உடனே அந்தப் பக்கத்திலிருந்து முத்தாயி, "கைய எடுடி. அழட்டும்" என்றாள். கையை எடுத்தேன்.  அவள் பேசி நான் கேட்டது, குழாயடிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

சந்திரன் போகிறான் என்று தெரிந்ததும் அவளே வந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. "அவருக்கும் சேத்து எழுது. வள்ளிநாயகி காய்ச்சல்ல போயிட்டான்னு எழுது. கடைசி வரைக்கும் பஞ்சாலைதான் தாய் மாதிரி பாத்துக்கிட்டான்னு எழுது" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "எழுதினதப் படிச்சுக் காட்டு" என்றாள். அவளுக்காகத் தனித்தாளில் அப்படியே எழுதிப் படித்துக் காட்டினேன். அதையும் இதோடு வைத்திருக்கிறேன். அதில் உள்ள இரண்டாவது வரியை எழுத என் கை கூசியது. அவள் சொன்னதால் எழுதினேன்.

மாமா, அண்ணனிடம் அந்தத் தாளை நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். அவர் சாப்பிட்ட பிறகு படியுங்கள். அன்றிரவு அவர் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் மனது. சொன்னால், என்னை அவர் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதீர்கள். சொல்லாவிட்டால், அவர் என்னைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பாரம் உங்களுக்கும் வந்துவிடும். அதற்கு நான் இப்போதே உங்கள் காலில் விழுகிறேன்.

இருவரும் சேர்ந்தே திரும்பி வாருங்கள். அவர் வராமல் நீங்கள் மட்டும் வந்தால் அடுத்த வீட்டைத் தாண்டி நம் வீட்டுக்குள் எப்படி நுழைவோம்? தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். காலை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் வெட்கப்படாமல் தவிடு கேட்டு வாங்கித் தின்னுங்கள். உங்களையும் அண்ணனையும் அந்த மாரியாத்தா ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு,
பஞ்சாலை.